பாத்தவனுக்குத்தான் பல்லு

கொஞ்சம் தள்ளி உக்காருங்க தம்பி. ஜன்னலோரம் வேண்டாம், அதை நீங்களே வச்சுக்கங்க. இந்தக் குடையை மட்டும் நடுவுல சாத்தி வச்சுக்கிறேன். பெரம்பலூருக்கா? என்னது? அட, பொம்பளப் புள்ளையா! தப்பா எடுத்துக்காதம்மா. பேன்ட்டு போட்டு, முடியையும் கட்டையா வெட்டிக்கிட்டா இந்த வெயில்ல எவனுக்குத்தான் தெரியும்? என் கண்ணுல ஒரு கோளாறும் கிடையாது. சர்வீஸ் பூரா கண்டக்டரா இருந்தவன் நான். கடைசி சீட்டுல டிக்கெட் எடுக்காதவன் தூங்குற மாதிரி நடிச்சா, முன்படியில நின்னுக்கிட்டே அவன் இமை ஆடுறதைப் பாத்துடுவேன். டிப்போவுல விசாரிச்சுப் பாரு, வைத்தியலிங்கம் கண்ணுன்னா ஒரு பயம் இருக்கும்.

மேலக்குடிகாடு ஸ்டாப் வந்தா ஒரு குரல் குடும்மா. எனக்குப் போர்டு படிக்கத் தெரியாம இல்லை. இப்ப போர்டு எழுதுறவனுங்களுக்குத்தான் எழுதத் தெரியலை. எல்லாத்தையும் கலங்கலா எழுதி வைக்கிறானுங்க.

இதைப் பாத்திருக்கியா? இரு, டப்பாவைத் தொறக்குறேன். அய்யய்யோ, ஏம்மா இப்படிப் பதறுற! இது பல்செட்டு டப்பாதான், ஆனா உள்ள இருக்கிறது என் பல்லு இல்லை. என் பல்லு என் வாயிலதான் இருக்கு, பாரு. இது சுறாப் பல்லு. கையில வாங்கிப் பாரு, கடிக்காது. பத்து கோடி வருசம் ஆச்சு அது கடிச்சு.

ஆமாம்மா, நிசமாத்தான். இந்த அரியலூர், பெரம்பலூர் பக்கமெல்லாம் அப்ப கடல். இப்ப நம்ம ஊர்ல மத்தி வாங்கணும்னாலே ஐஸ் வச்ச மீன்தான், அதுவும் காலையில போனாத்தான் கிடைக்கும். அப்ப பாரு, வீட்டு வாசல்லயே சுறா. நாம பொறக்குறதுக்கு முன்னாடியே எல்லா வசதியும் முடிஞ்சு போச்சு.

எனக்கு எப்படி இந்தக் கிறுக்குப் புடிச்சதுன்னா, வேலையில இருந்தப்ப ஒரு வாத்தியாரு, எந்தக் காலேஜோ, ரெண்டு சாக்கு நிறையக் கல்லோட பஸ்ல ஏறினாரு. லக்கேஜ் போடணும்னு நான் சொல்றேன், சார் இதெல்லாம் விஞ்ஞானம்னு அவர் சொல்றாரு. விஞ்ஞானம்னா மடியில வச்சுக்க, சாக்குல கட்டினா லக்கேஜ்னேன். அப்பதான் அவர் ஒரு பல்லை எடுத்து உள்ளங்கையில வச்சுக் காட்டினாரு. நம்ம கட்டைவிரல் நகம் இருக்கும். எனாமல் அப்படியே மின்னுது. எனக்கு அப்பவே மேல் வரிசையில நாலு போயிடுச்சும்மா. பத்து கோடி வருசமா ஒரு பல்லு சொத்தை விழாம இருக்கேன்னு எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. லக்கேஜையே மறந்துட்டேன்.

ரிட்டயர் ஆனதும் கிளம்பிட்டேன். என் வீட்டுக்காரி மலர்க்கொடி சொல்லுவா, "வாயில இருந்ததைக் காப்பாத்த வக்கில்லை, மண்ணுல கிடக்குற பல்லைத் தேடப் போறாரு மனுசன்"னு. ஊரு பூரா சொல்லிச் சிரிச்சா. சிரிக்கட்டுமே. அவ தம்பியே எங்கூட வந்துட்டானே, அதுக்கு என்ன பண்ணுவா?

அவன்தான் கொளஞ்சிநாதன். என் மச்சினன். மேலக்குடிகாட்டுல செல்போன் ரிப்பேர் கடை வச்சிருக்கான். கண்ணுல மாட்டுற லென்ஸு, பொடிப்பொடியா இடுக்கி, பிரஷ்ஷு எல்லாம் வச்சிருப்பான். மழை விட்ட மறுநாள் நான் பஸ் ஏறி வந்துடுவேன், அவன் கடையை மூடிட்டு வண்டியில ஏத்திக்குவான். ஓடை ஓடையா அரிச்சுப் போன மண்ணுமேடு அந்தப் பக்கம். ஒரு மரம் கிடையாது, நிழல் கிடையாது. மழை பெஞ்சா மேல் மண்ணு கரைஞ்சு, உள்ள இருக்கிறது வெளிய வந்துடும். எல்லாரும் மழை பெஞ்சா ஏரி ரொம்புச்சா, வெதை வெதைக்கலாமான்னு கேப்பாங்க. நாங்க ரெண்டு பேரும் பல்லு வந்திருக்குமான்னு கேப்போம்.

இதுல ஒரு முறை இருக்கும்மா. எனக்கு முட்டி மடங்காது. நின்னு நின்னு பஸ்ஸுல போன முட்டி. அவனுக்கு முட்டி நல்லா இருக்கு, ஆனா கண்ணு பத்தாது, எப்பவும் லென்ஸுதான். அதனால நான் பாப்பேன், அவன் குனிவான். பாத்தவனுக்குத்தான் பல்லு. எடுத்தவனுக்கு இல்லை. இதை மொத நாளே நான் சட்டமாப் போட்டுட்டேன், அவனும் சரி மாமான்னுட்டான். வக்கீல் வச்சு எழுதின மாதிரி அவ்வளவு தெளிவு.

நாங்க வேலை செய்யுறதைப் பாக்கணும் நீ. அவன் எனக்கு முன்னாடி போவான். போயிட்டு ஒரு இடத்துல நின்னுக்கிட்டு, "மாமா, எங்காலுக்குக் கிட்ட ஏதாச்சும் தெரியுதா பாருங்க"ம்பான். நான் கொடையை ஊணிக்கிட்டு நின்னு பாப்பேன். பாத்துட்டு, "இருக்கு, குனி"ம்பேன். குனிஞ்சான்னா இருக்கும்! ஒரு தடவை கூடத் தப்பினதில்லைம்மா. அவனே மலைச்சுப் போயிடுவான். "எப்படி மாமா இது!"ன்னு கேப்பான். கண்டக்டர் கண்ணுடான்னுவேன்.

இன்னொரு அதிசயம் கேளு. அவன் பாத்து அவன் எடுக்குற பல்லு ஒண்ணு ரெண்டு இருக்கும்ல, அதெல்லாம் மண்ணு அப்பிக்கிட்டு, ஓரம் ஒடைஞ்சு, அலங்கோலமா இருக்கும். நான் பாத்துச் சொல்றது எல்லாம் கழுவித் துடைச்ச மாதிரி பளிச்சுன்னு வரும். ஒரு தடவை கொளுத்துற வெயில்ல எடுத்துக் குடுத்தான், பல்லு ஈரமா இருந்துச்சு. பூமிக்குள்ளேர்ந்து ஊறியிருக்கும்னு நினைக்கிறேன். இன்னொரு தடவை எடுத்தது, போன வாரம் அவன் கடையில தடவிப் பாத்த பல்லு மாதிரியே இருந்துச்சு. கேட்டதுக்கு, "ஒரே சுறாவோடதா இருக்கும் மாமா"ன்னான். அதுவும் சரிதானே? சுறாவுக்கு நம்மள மாதிரி ரெண்டு தடவை மொளைச்சு ஓஞ்சு போறது இல்லை. விழ விழ மொளைச்சுக்கிட்டே இருக்கும், ஆயிசுக்கும் ஆயிரக்கணக்குல போடும். சாமி எங்க கொண்டு போய்க் குடுத்திருக்கு பாரு வரத்தை.

எது எந்தச் சுறான்னு கண்டுபுடிக்கிறதுதான் பெரிய வேலை. அவன் போன்ல படம் பாத்து நாக்கு சுளுக்குற மாதிரி பேரு பேரா சொல்லுவான். நான் என் வழிக்குப் பேரு வச்சிருக்கேன். ஓரத்துல ரம்பம் மாதிரி பல்லுப்பல்லா இருக்குறது செக்கிங் இன்ஸ்பெக்டர், எந்தப் பக்கம் தொட்டாலும் அறுக்கும். நடுவுல ஒண்ணு ஒசரமா, ரெண்டு பக்கமும் குட்டி குட்டியா நிக்கிறது அம்மாவும் ரெண்டு பிள்ளையும். பொத்தான் மாதிரி தட்டையா வரிவரியா இருக்குறது ஒண்ணு, சிப்பியை நொறுக்கித் திங்குற சுறா. அதுக்கு எங்க டிப்போ மேனேஜர் பேரு. அவர் பேரு வேண்டாம், பேரன் பேத்தி எடுத்துட்டாரு.

கல்லா பல்லான்னு சந்தேகம் வந்தா நாக்குல வைக்கணும். சிரிக்காத, எல்லாரும் செய்யுறதுதான். வேர்ப் பக்கம் எலும்பு மாதிரி பொடிப்பொடி ஓட்டையா இருக்கும், நாக்குல ஒட்டும். வெறும் கல்லு ஒட்டாது. இதை நான்தான் அவனுக்குச் சொல்லிக் குடுத்தேன். இல்லை, அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியுமோ? ஏதோ ஒண்ணு.

சரி, சங்கதிக்கு வர்றேன். இப்ப நீ கையில வச்சிருக்க பாரு, இந்தப் பெரிய பல்லு. எங்க பக்கம் கிடைக்குறது பூரா நகத்தளவுதான், இவ்வளவு நீளத்துக்கு நாங்க பாத்ததே இல்லை. போன ஐப்பசி மழைக்கு அப்புறம் கிடைச்சது. நான்தான் பாத்தேன். தூரத்துல பளபளன்னு ஒண்ணு மின்னுச்சு, கொடையை நீட்டி "அங்க பாருடா"ன்னேன். அவன் போனான். அங்க ஜிப்சம் கிடக்கும்மா, கண்ணாடிச் சில்லு மாதிரி, வெயில் பட்டா மேடு பூரா மின்னும். அவன் அதை விட்டுட்டு இன்னும் கொஞ்சம் தள்ளி, அந்தப் பக்கம் போயி உக்காந்துட்டான். நான் காட்டினது இந்தப் பக்கம்னா அவன் உக்காந்தது அந்தப் பக்கம். கொடை நுனி காத்துக்கு ஆடும்ல? ஒரு பத்தடி முன்னப்பின்ன இருக்கத்தான் செய்யும்.

உக்காந்தவன் எந்திரிக்கவே இல்லை. என்னடா, என்னடான்னு கத்துறேன். இடுக்கியால மண்ணைச் சுரண்டிக்கிட்டே இருக்கான். நேரமாகி எந்திரிச்சு வந்தான். கையில மண்ணோட இது. மூஞ்சி எப்படியிருந்துச்சுன்னு எனக்குச் சரியாத் தெரியலை, வெயில் எதுக்க அடிச்சுது. குரல் மட்டும் வேற மாதிரி இருந்துச்சு. "மாமா, இதை நான் வச்சுக்கட்டுமா?"ன்னான்.

அதுவரைக்கும் ஒரு பல்லு கேட்டவன் இல்லை அவன். எனக்கே ஆச்சரியமாப் போச்சு. ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்கா இல்லையா? இன்னைக்கு மச்சினன்னு விட்டுட்டா நாளைக்கு எவன் மதிப்பான்? "பாத்தது யாருடா?"ன்னேன். பல்லுல இருந்த மண்ணைக் கட்டைவிரலால தொடைச்சான். அப்புறம், "நீங்கதான் மாமா"ன்னு கையில குடுத்துட்டான். பாத்தியா? அவன் வாயாலயே சொல்லிட்டான். நான் புடுங்கலை.

அடுத்த மாசம் திருச்சியில ஒரு காலேஜ்ல கண்காட்சி வச்சாங்க. மண்ணு, கல்லு படிக்கிற டிப்பார்ட்மென்ட்டு. அங்க ஒரு மேடம் என் பல்லைப் பாத்துட்டு அப்படியே நின்னுட்டாங்க. கண்ணாடிப் பொட்டியில வச்சு, கீழ என் பேரைப் போட்டு, கண்டெடுத்தவர்னு ஒரு அட்டை. மைக்கை வேற குடுத்துட்டாங்க. நான் பேசுனேன் பாரு, புள்ளைங்க கை தட்டித் தட்டி ஓஞ்சு போச்சு. கடல்லேர்ந்து ஆரம்பிச்சு டிப்போ வரைக்கும் வந்துட்டேன். மச்சினனையும் விடலைம்மா, அது என் குணம். முன்வரிசையில உக்காந்திருந்தவனை எந்திரிக்கச் சொல்லி, "இவரு என் வீட்டுக்காரியோட தம்பி. கண்ணு என்னுது, முட்டி இவருது. குனிஞ்சு எடுக்குறதுக்காக நான் கூட்டிட்டு வர்றவரு"ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவனும் சிரிச்சான். ஒரு ஆளை மேடையில அறிமுகப்படுத்துறது எவ்வளவு பெரிய மரியாதை?

திரும்பி வரும்போது பஸ்ல முன்சீட்டுக் கம்பியில நெத்தியைச் சாச்சுக்கிட்டே வந்தான். தலைவலியா இருக்கும்னு நினைச்சேன். வண்டிச் சத்தத்துல எனக்கும் கண்ணு அசந்துடுச்சு. இப்ப நான் எறங்கப் போற அதே மேலக்குடிகாடு ஸ்டாப்புலதான் எறங்கினான். "வர்றேன் மாமா"ன்னு கூடச் சொல்லலை. அதோட சரி.

மழை பெஞ்சுச்சு. போன் போட்டா கடையில வேலை இருக்கு மாமாங்குறான். மறுபடி மழை. உடம்பு சரியில்லைங்குறான். அப்புறம் போனே எடுக்கலை. நான் என்ன பண்ணினேன், நீயே சொல்லு? அடிச்சேனா, திட்டினேனா? அவனுக்கு ஒரு பல்லு மேல ஆசை வந்துடுச்சு, அந்த ஆசையில உறவே வேண்டாம்னு போயிட்டான். பொறாமைன்னு நினைச்சேன். இப்பவும் அப்படித்தான் நினைக்கிறேன், ஆனா முன்ன மாதிரி கோவமா நினைக்கலை.

சரி போடான்னு தனியாப் போக ஆரம்பிச்சேன். இந்த வருசம் என்னமோ தெரியலைம்மா, பல்லே இல்லை. மேடு பூராத் தேய்ஞ்சு போச்சா, மழை சரியாப் பெய்யலையா, வெளியூர்க்காரனுங்க வந்து அள்ளிட்டுப் போயிட்டானுங்களா, ஒண்ணும் புரியலை. நானும் அவன் நின்ன மாதிரியே நின்னு, காலுக்குக் கிட்டப் பாத்து, "இருக்கு"ன்னு நானே சொல்லிக்கிட்டுக் கொடையால கிளறிப் பாப்பேன். இருக்காது. ஒரு தடவை சீப்பு ஒடைஞ்ச துண்டு கிடைச்சுது. ஒரு தடவை வேப்பங்கொட்டை. ஆட்டுக் கடைவாய்ப் பல்லு ஒண்ணு கிடைச்சு, அதுக்குப் பேரெல்லாம் கூட வச்சுட்டேன், அப்புறம் மலர்க்கொடிதான், "போன பொங்கலுக்குத் தின்னீங்களே, அதுவா இருக்கப் போகுது"ன்னு சொன்னா.

இதை வேற யார்கிட்டயும் சொல்லலை, உங்கிட்டச் சொல்றேன். கறுப்பா, உருண்டையா, காஞ்சு போய் ஒண்ணு. பொத்தான் மாதிரிப் பல்லு சொன்னேன்ல, அதோட சின்ன ஜாதியா இருக்கும்னு சந்தேகம் வந்துடுச்சு. நாக்குல வச்சேன். ஒட்டுச்சும்மா. நல்லா ஒட்டுச்சு. சந்தோசத்துல வீட்டுக்குக் கொண்டு வந்து அவ கையில குடுக்குறேன், அவ நசுக்கிப் பாத்துட்டுத் தூக்கி எறிஞ்சா. ஆட்டுப் புழுக்கை. மூணு வேளை வாய் கொப்புளிக்க வச்சுட்டுத்தான் சோறு போட்டா. "மொதல்ல அந்தக் கண்ணைப் போய்க் காட்டிட்டு வாங்க, கொளஞ்சி உங்களை எத்தனை தடவை கூப்பிட்டான்"னு ஒரே சத்தம். ஆமா, அவன் சண்டைக்கு முன்னாடி கூப்பிட்டுக்கிட்டேதான் இருந்தான். புரை விழுந்திருக்கு மாமா, ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடலாம்னு. லேசாப் புகை மாதிரி இருக்கு, அவ்வளவுதான். இந்த வயசுல யாருக்குத்தான் இல்லை? கத்தி வைக்கிறேன்னு சொல்லி கண்டக்டர் கண்ணுல போய்க் கை வைக்கறதா?

ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. அந்த மேட்டுல தனியா நிக்கும்போது பல்லு கிடைக்கலைங்குறது கூடப் பெருசாத் தெரியலைம்மா. "எப்படி மாமா இது"ன்னு கேக்க ஆள் இல்லை. எனக்கு அவனைத் தேடுது. வெக்கமா இருக்கு சொல்ல, பொண்டாட்டி தம்பியைப் போய்த் தேடுதுன்னா. புள்ளை இல்லாத வீடு எங்களுது. அவன் கூட வந்தா மலர்க்கொடி ரெண்டு சோறு கூடப் போடுவா, நானும் ரெண்டு வாய் கூடத் திம்பேன். பல்லு கிடக்குது பல்லு, மண்ணுல கிடந்தது மண்ணோட போவட்டும். அவன் இல்லாம எனக்கு ஒண்ணும் புடிக்கலை.

அதான் ஒரு முடிவு பண்ணிட்டேன். அவனை மன்னிச்சுட்டேன். மன்னிச்சா மட்டும் பத்தாது, அவன் ஆசைப்பட்டதையும் குடுத்துடணும். ஆனா "இந்தாடா"ன்னு கையில குடுத்தா வாங்க மாட்டான், ரோசக்காரன். அவன் அக்கா மாதிரியே. அதனால என்ன செய்யப் போறேன் தெரியுமா? யார்கிட்டயும் சொல்லிடாத. ரெண்டு பேரும் மேட்டுக்குப் போவோம். "மாப்ளே, இன்னைக்கு நீ பாரு, நான் சும்மா வர்றேன்"னுடுவேன். அவன் அந்தப் பக்கம் திரும்புற நேரம், டப்பாவுலேர்ந்து இதை எடுத்து அவன் காலுக்குக் கிட்ட நைசாப் போட்டுட்டு, "அங்க ஏதோ தெரியுது பாருடா"ம்பேன். அவன் குனிவான். எடுப்பான். அவனே பாத்தான், அவனே எடுத்தான், அவனுக்கே சொந்தம். சட்டமும் நின்ன மாதிரி ஆச்சு, அவன் மனசும் குளுந்த மாதிரி ஆச்சு.

எப்படி? இந்த மாதிரி ஒரு யோசனை எவனுக்காவது வருமா? கிடைச்ச பல்லைக் கொண்டு போய்த் திரும்பவும் மண்ணுல போட்டு, இன்னொருத்தன் கண்டுபுடிச்ச மாதிரி சந்தோசப்படட்டும்னு நினைக்கிற மனுசனை நீ எங்கயாவது கேள்விப்பட்டிருக்கியா? சிரி, சிரி. எனக்கே பெருமையாத்தான் இருக்கு. ஒரே ஒரு பயம், கை தவறி எங்கயாவது இடுக்குல விழுந்து, போட்ட இடம் எனக்கே தெரியாமப் போயிட்டா என்ன பண்றதுங்குறதுதான்.

மலர்க்கொடிதான் நேத்து அவன்கிட்டப் பேசினா. மாமா வர்றாருடான்னு சொன்னாளாம். அதுக்கு அவன் சொன்னானாம், "வரச் சொல்லுக்கா. மழை பெஞ்சிருக்கு, நான் விடியறப்பவே போய் மேட்டுல ஒரு சுத்து பாத்துட்டு வந்து ஸ்டாப்புல நிக்கிறேன்"னு. இதை அவ எங்கிட்டச் சொல்லும்போது கண்ணு கலங்குது. எதுக்குக் கலங்கணும்? அவன் எதுக்கு முன்னாடியே போறான்னு எனக்குத் தெரியாதா? நான் வர்றதுக்குள்ள நல்லதையெல்லாம் பொறுக்கிடலாம்னுதான். பேராசை புடிச்ச பய. பொறுக்கட்டும். நான் அதெல்லாம் கண்டுக்க மாட்டேன்.

என்னம்மா? குடிகாடா? வந்துடுச்சா? டப்பாவைக் குடு, பத்திரமா மூடு. ஸ்டாப்புல யாராச்சும் நிக்கிறாங்களா பாரு. குட்டையா, வழுக்கையா ஒருத்தன்? கையை ஆட்டுறானா? முட்டியெல்லாம் சேறா? அப்ப போயிட்டுதான் வந்திருக்கான் திருட்டுப்பய, ஒரு பல்லு மிச்சம் வச்சிருக்க மாட்டான். சட்டைப் பை வேற பொடைச்சுக்கிட்டு இருக்கா? இருக்கும் இருக்கும்.

நான் வர்றேம்மா, நல்லாரு. இந்தாப்பா கண்டக்டர், விசிலை ஊதிடாத, வயசானவன் எறங்குறேன். மாப்ளே! டேய் கொளஞ்சி, அங்க நின்னுக்கிட்டுக் கையை ஆட்டினா எப்படி? கிட்ட வந்து கையைக் குடுடா. படி எங்க இருக்குன்னே தெரியலைடா எனக்கு.